கறுப்புக்கட்டம் கொண்டுவந்த ஜட்கா

கனிஷ்கா ஜட்காவில் உட்கார்ந்து காவிரிப் பாலத்தைக் கடந்தாள் என்று சொன்னால், தில்லை நகரில் அவள் வேலை செய்யும் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் யாரும் நம்ப மாட்டார்கள். அங்கே அவள் பேசுவதில் மிக நீளமான வாக்கியம், "கையை மடக்காதீங்க, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்பது. அதையும் ஊசியைப் பார்த்துத்தான் சொல்வாள், ஆளைப் பார்த்து அல்ல.

உறையூரில் வீடு. படித்தது வேதியியல். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் சமையலறையில் பாத்திரம் அடுக்கத் தொடங்கிவிடுவாள். ஆனால் திங்கட்கிழமைக் காலைகளில் மட்டும் அவளுக்காக ஒரு கூட்டமே காத்திருந்தது. இணையத்தில் "நாலு கட்டம்" என்றொரு பக்கம். அதில் வாராவாரம் ஒரு குறுக்கெழுத்துப் புதிர் வரும். போடுகிறவர் பெயர் "கறுப்புக்கட்டம்". புதிரில் எந்த எழுத்தும் எழுத முடியாமல் ஓரமாக இருக்கும் கட்டம் அது. தனக்குப் பொருத்தமான பெயர் என்று கனிஷ்கா வைத்துக்கொண்டாள்.

புதிரை அவிழ்க்க வருகிறவர்கள் அதை "கறுப்பையா" என்று ஆக்கிவிட்டார்கள். தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், எழுபது வயதாவது இருக்கும், வெற்றிலை போடுவார் என்றெல்லாம் கருத்துப் பகுதியில் பேசிக்கொள்வார்கள். அவள் மறுக்கவில்லை. மறுத்தால் பேச வேண்டியிருக்கும்.

பக்கத்தையும் தன் கூச்சத்துக்கு ஏற்றபடியே கட்டியிருந்தாள். உள்ளே வர ஒரு புனைபெயர் போதும். தொலைபேசி எண், முகவரி எதுவும் கேட்பதில்லை. விடைகளைக் கட்டங்களில் நிரப்பலாம், வேறு எதுவும் எழுத இடமில்லை. எல்லாம் சரியாக நிரம்பினால் "சபாஷ்" என்று ஒரு வரி எழும்பும். கீழே கருத்துப் பகுதி, அது ஊருக்கே பொது. அதற்கு ஒரே ஒரு விதி: ஞாயிறு மாலை ஆறு மணிவரை யாரும் விடையைச் சொல்லக் கூடாது, கோடிகூடக் காட்டக் கூடாது. இந்த விதியை அவளைவிடக் கடுமையாகக் காத்தவர் பொன்மலை பீமராவ். ரயில்வே பட்டறையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒருமுறை ஒருவர் "நாலாவது விடை எங்கள் கொல்லையில் காய்க்கிறது" என்று எழுதிவிட்டதற்கு, அவர் வாரம் முழுக்கத் திட்டினார். அவருடைய வாக்கியங்கள் எல்லாம் "ஆகவே" என்ற சொல்லில் போய் நிற்கும்.

இவர்களில் கனிஷ்காவுக்கு மிகவும் பிடித்தவள் மணிமேகலை. திருவானைக்காவலில் பள்ளி ஆசிரியை. நேரில் பார்த்ததில்லை. முதல் புதிர் போட்ட வாரம் முழுவதும் அந்தப் பக்கத்தில் ஈ காக்கை இல்லை. சனிக்கிழமை ஒரே ஒருத்தி வந்து எல்லாக் கட்டத்தையும் நிரப்பிவிட்டு, "இதைப் போட்டவங்க யாரோ, நிறுத்திடாதீங்க ஐயா" என்று எழுதிவிட்டுப் போனாள். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் இரண்டாவது புதிர் வந்திருக்காது.

அந்த மணிமேகலைக்குக் கல்யாணம். தன் சொந்தப் பெயரிலேயே புழங்குகிறவள் என்பதால் பத்திரிகையைக் கருத்துப் பகுதியிலேயே போட்டு எல்லாரையும் அழைத்திருந்தாள். கூடவே ஒரு புலம்பல்: "சனிக்கிழமை சாயங்காலம் பெண் அழைப்பு. ஆனைக்கா கோவில் வாசலில் இருந்து ஸ்ரீரங்கத்து மண்டபம் வரை. குதிரை வண்டியில் வருகிறேன் என்றால், ஏசி காரே போதும் என்கிறார் அப்பா. காரில் நான் தினமும்தான் போகலாம். சரி, ஐயாவாவது இந்த வாரம் குதிரை வண்டி வைத்து ஒரு புதிர் போடட்டும். ஆனால் நான் பார்க்க முடியாது. அக்கா போனைப் பிடுங்கி வைக்கப் போகிறாள். எப்போதாவது திருட்டுத்தனமாக எட்டிப் பார்ப்பேன்."

கனிஷ்கா அதைப் பலமுறை படித்தாள். பிறகு புதிரில் உட்கார்ந்தாள்.

குதிரை சுலபமாக வந்தது. "குளம்பின் தொடக்கத்தில் அலை அடித்தால் ஓடுவது." குளம்பின் முதலெழுத்து கு, அலைக்குத் திரை. ஜட்காவுக்கு வந்த குறிப்பை எழுதிவிட்டு அழித்தாள், மறுபடி எழுதினாள், மறுபடி அழித்தாள். ஆனால் அதைவிட நல்லது அமையவில்லை. "கடைசி கழன்ற உள்ளாடையோடு சோலை சேர, கிளம்புகிறது வண்டி." கறுப்பையாதானே போடுகிறார், நமக்கென்ன என்று கடைசியில் விட்டுவிட்டாள்.

ஏழாவது நெடுக்குதான் முக்கியம். "மரத்தின் நடுப்பகுதியை உள்ளே வைத்துக் குற்றம் சுமத்தினால் கல்யாண ஊர்வலம் போகலாம்." மரம் என்ற சொல்லின் நடுவில் இருப்பது ர. குற்றம் சுமத்து என்றால் சாட்டு. உள்ளே வைத்தால் சாரட்டு.

அந்த வாரம் "சபாஷ்" என்ற வரிக்குப் பதிலாக, எல்லாக் கட்டமும் நிரம்பியவர்களுக்கு இப்படி எழும்பியது: "ஏழாவது நெடுக்கின் விடை எதுவோ, அது சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குத் திருவானைக்காவல் கோவில் வாசலில் மணிமேகலைக்காக வந்து நிற்க வேண்டும். முடிந்தவர் ஏற்பாடு செய்யுங்கள்."

தன் சாமர்த்தியத்தை நினைத்து அவளுக்கே சிரிப்பு வந்தது. வியாழக்கிழமை இரவு பல் தேய்க்கும்போதுதான் சிரிப்பு நின்றது.

ஏற்பாடு செய்தவர் அதை யாரிடம் சொல்வார்? கட்டங்களில் எழுத முடியாது. கறுப்பையாவுக்கு முகவரி கிடையாது. கருத்துப் பகுதியில் எழுதினால் விடை உடைந்துவிடும். மணிமேகலையும் எட்டிப் பார்த்துவிடுவாள். கனிஷ்கா பக்கத்தைத் திறந்து பார்த்தாள். பலர் முடித்திருந்தார்கள். பீமராவ், லால்குடியான் என்ற பெயரில் வருகிற ஒருவர், இன்னும் எத்தனையோ பேர். எல்லாரும் சாரட்டு என்று சரியாகத்தான் நிரப்பியிருந்தார்கள். கருத்துப் பகுதியில் "ஏழாவது நெடுக்கு அருமை ஐயா" என்பதற்கு மேல் ஒருவரும் வாய் திறக்கவில்லை. விதியை அவ்வளவு ஒழுங்காகக் காத்தார்கள்.

வண்டி வருமா, வராதா? யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று எல்லாரும் இருந்துவிட்டால்? அவள் இருக்கும் குடியிருப்பில் தண்ணீர் மோட்டாரை நிறுத்துகிற கதை அப்படித்தான் நடக்கும்.

மறுநாள் காலை வெறும் வயிற்றோடு சர்க்கரை பார்க்க வந்த முதல் ஆள் பாலக்கரை கலீம். குதிரை வண்டிக்காரர், மாதாமாதம் வருகிறவர். அவர் வந்தால் அறையில் கொள்ளு வாசனை வரும். ஊசி உள்ளே இறங்கியிருந்தபோது கனிஷ்கா ஆளைப் பார்த்துப் பேசினாள்.

"பாய், ஒண்ணு கேக்கணும்."

கலீம் கலவரமானார். "என்னம்மா, ரத்தம் சரியா வரலையா?"

"அதில்ல. குதிரை..."

"குதிரைக்கும் டெஸ்ட் வந்துருச்சா?"

"இல்ல பாய். உங்ககிட்ட சாரட்டு இருக்கா? நாளைக்குச் சாயங்காலம் வேணும். ஒரு கல்யாணத்துக்கு."

"அடடே! உனக்கா?"

"ஐயையோ, எனக்கு இல்ல."

"சாரட்டு என் மச்சான் வச்சிருந்தான், அச்சு ஒடஞ்சு கெடக்கு. என்கிட்ட ஜட்காதான். ஆனா சும்மா சொல்லக் கூடாது, பூ சுத்தி நிறுத்துனா நம்ம கலெக்டர் முன்னால எந்த சாரட்டும் நிக்காது."

"கலெக்டரா?"

"குதிரை பேரும்மா. கூட்டத்தைப் பார்த்தா நின்னு விசாரிச்சுட்டுத்தான் மேல போவான்."

சனிக்கிழமை பாலக்கரையில் கலெக்டர் நெற்றியில் பூச்சரத்தோடு தயாராக நின்றது. கனிஷ்கா வழியைச் சொல்லிவிட்டு, "நான் பஸ்ல வந்துடறேன்" என்றாள்.

"பஸ்ஸு பறந்துரும். நான் யாரைப் பார்த்து வரது? அந்த வீட்டு ஆளுங்களை எனக்குத் தெரியுமா? ஏறும்மா."

"எனக்கும் தெரியாது பாய்."

கலீம் அவளை ஒரு மாதிரி பார்த்தார். "யாருன்னே தெரியாத கல்யாணத்துக்கு வண்டி கொண்டுபோற. சரி, ரெண்டு பேரும் சேர்ந்தே தேடுவோம். முன்னால ஏறு, பின்னால உட்கார்ந்தா பாரம் சாயும்."

இப்படித்தான் அவள் ஊர் பார்க்க ஜட்காவின் முன்பக்கம் உட்கார வேண்டிவந்தது. துப்பட்டாவை முகத்தில் பாதிவரை இழுத்துக்கொண்டாள். சத்திரம் பேருந்து நிலையத்தில் கொய்யா வண்டியைப் பார்த்ததும் கலெக்டர் விசாரணைக்கு நின்றது. நாலு பக்கமும் செல்போன்கள் உயர்ந்தன. "அக்கா, ஒரு டாட்டா காட்டுங்க!" என்று பேருந்து ஜன்னலில் இருந்து ஒரு குரல். அவள் தன் செருப்பைப் பார்த்தபடி இருந்தாள்.

பாலத்தில் ஏறியதும் காற்று துப்பட்டாவைப் பிடுங்கியது. இரண்டு கையாலும் சட்டத்தைப் பிடித்துக்கொண்டிருந்ததால் அதை விட வேண்டியதாயிற்று. கீழே ஆற்றில் தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது. குளம்புச் சத்தம் பாலத்தில் வேறு மாதிரி கேட்டது. பாலம் முடியும்போதுதான், தான் சிரித்துக்கொண்டே வந்திருப்பது அவளுக்குத் தெரிந்தது.

மாம்பழச் சாலை தாண்டி, கோவில் தெருவில் திரும்பியதும் கலீம் கடிவாளத்தை இழுத்தார்.

"ஏம்மா, நம்மளை எதுக்கு வரச் சொன்ன?"

கோவில் வாசலில் இரட்டைக் குதிரை பூட்டிய வெள்ளைச் சாரட்டு ஒன்று நின்றது. அதற்கு எதிரே, ஒற்றைக் குதிரை பூட்டிய சிவப்புச் சாரட்டு. நடுவே பூ ஒட்டிய கார். வெள்ளைச் சாரட்டின் முன்னால் பெரிய மீசைக்காரர் ஒருவர் பட்டு அங்கவஸ்திரத்தோடு நின்று, மெலிந்த ஒரு இளைஞனிடம் கையை ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார்.

"நான் நாலு மணிக்கே வந்துட்டேன் தம்பி. ஆகவே..."

அந்த "ஆகவே" கனிஷ்காவுக்குத் தெரியும். பீமராவ்.

"ஐயா எனக்கும்தானே சொன்னாரு சார்!" என்றான் இளைஞன். "நான் லால்குடியில இருந்து வண்டி பேசிக் கூட்டிக்கிட்டு வந்திருக்கேன். லால்குடியான்னு வருவேனே, நான்தான். பேரு நல்லதம்பி."

"ஓ, நீதானா அது! போன வாரம் அஞ்சாவது குறுக்கைத் தப்பா போட்டியே?"

ஜட்கா அருகில் போய் நின்றது. பீமராவ் அதை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கனிஷ்காவைப் பார்த்தார்.

"நீயும் நாலு கட்டமா? புதுசாம்மா?"

அவள் ஆமாம் என்றும் இல்லை என்றும் தலையை ஆட்டினாள்.

"விடை தப்பு" என்றார் கனிவாக. "நீ கொண்டுவந்திருக்கறது மூணாவது குறுக்கு. ஐயா கேட்டது ஏழாவது நெடுக்கு. பரவாயில்ல, போகப் போகப் பழகிரும்."

கலீம் நடுவில் புகுந்தார். "அந்த ஏழாவதுன்னா என்ன சார்? சாரட்டைத்தானே சொல்றீங்க?"

"உஷ்! நாளைக்கு ஆறு மணிவரைக்கும் பேரைச் சொல்லக் கூடாது."

"அட, கண்ணு முன்னாடி குதிரையோட நிக்குது சார்!"

"நிக்கட்டும். நாங்க சொல்ல மாட்டோம்."

அதற்குள் பெண்ணின் அப்பா அழகர்சாமி, வேட்டியை மடித்துக் கட்டியபடி வந்துவிட்டார். அவர் பின்னால் உறவுக்காரப் பெண்கள் சீர்த்தட்டுகளோடு நின்றார்கள்.

"யாருய்யா நீங்கள்லாம்? இது இப்ப மூணாவது வண்டி. யார் சொல்லி வந்தீங்க?"

பீமராவும் நல்லதம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அதை நாளைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல சொல்றேங்க" என்றார் பீமராவ்.

"நாளைக்குக் காலையில கல்யாணமே முடிஞ்சுரும்யா! சரி, ஒருத்தர் சொல்லித்தானே வந்தீங்க, அவர் பேரையாவது சொல்லுங்க."

"கறுப்பையா."

"எந்த ஊரு?"

"தெரியாதுங்க."

"ஆள் எப்படி இருப்பாரு?"

"பார்த்ததில்லைங்க. பெரிய மனுஷர்."

அழகர்சாமி துண்டால் முகத்தைத் துடைத்தார். "ஊர் பேர் தெரியாத யாரோ அனுப்புன வண்டியில என் பொண்ணை ஏத்தச் சொல்றீங்க. மாப்பிள்ளை வீட்ல கேட்டா நான் என்ன சொல்லுவேன்? அனுப்புனவர் முன்னால வரட்டும், கேட்டுக்கிறேன். இல்லன்னா மூணையும் ஓட்டிக்கிட்டுக் கிளம்புங்க. நேரமாகுது."

கனிஷ்கா ஜட்காவில் இருந்து இறங்கவே இல்லை. அவள் கண் காரின் மேல் இருந்தது. பின்சீட்டில் அரக்குப் பட்டும் தலை நிறையப் பூவுமாக ஒருத்தி, ஜன்னலில் முகத்தை வைத்து, வெள்ளைக் குதிரை இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மணிமேகலை இப்படித்தான் இருப்பாள் என்று அவள் நினைத்திருக்கவில்லை; ஆனால் அது மணிமேகலைதான். அப்பா சொன்னது அவளுக்கும் கேட்டிருக்க வேண்டும். பிறகு கார்க் கண்ணாடி மெல்ல மேலே ஏறத் தொடங்கியது.

"நான்தாங்க" என்றாள் கனிஷ்கா.

நாதஸ்வரக்காரர் சுருதி பார்த்துக்கொண்டிருந்தார். யாருக்கும் கேட்கவில்லை. கலெக்டரின் காது மட்டும் திரும்பியது.

அவள் இறங்கினாள். "நான்தாங்க அனுப்பச் சொன்னேன். கறுப்புக்கட்டம் நான்தான்."

இந்தமுறை நாதஸ்வரமே நின்றுவிட்டது.

பீமராவ் சிரித்தார். "விளையாடாதம்மா. அவரு தமிழ் வாத்தியார். எழுபது வயசு."

"யார் சார் சொன்னா?"

யோசித்தார். "நான்தான் சொன்னேன்."

"நான் ரத்தம் எடுக்கற வேலை பார்க்கறேன் சார்."

"அப்படின்னா மூணாவது குறுக்கைப் பிரிச்சுச் சொல்லு பார்ப்போம். நாங்க விடையை நிரப்பிட்டோம், எப்படி வருதுன்னு போட்டவருக்குத்தான் தெரியும். ஆகவே..."

கனிஷ்காவுக்குக் காது மடல் சுட்டது. எத்தனை குறிப்புகள் இருக்க, இதையா கேட்க வேண்டும்! சீர்த்தட்டுப் பெண்கள் நெருங்கி வந்தார்கள். கோவிலில் இருந்து வெளியே வந்த கூட்டமும் நின்றது. அவள் ஜட்காவின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"முதல்ல ஒண்ணு. ஆறு மணி விதி நான் போட்டது. இந்த வாரத்துக்கு நானே எடுத்துடறேன். அப்புறம் மூணாவது குறுக்கு. உள்ளாடைன்னா..." சக்கரத்தைப் பார்த்துச் சொன்னாள். "ஜட்டி."

ஒரு பெண் தட்டோடு சேர்த்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அதுல கடைசி எழுத்து கழண்டுரும். மிச்சம் ஜட். சோலைக்கு இன்னொரு பேர் கா. நாம நிக்கற இந்த ஆனைக்காவுல வர கா. ரெண்டும் சேர்ந்தா..." கையை நீட்டிக் காட்டினாள். "இது."

"யா அல்லா!" என்றார் கலீம். "இத்தனை வருஷமா ஓட்டறேன், என் வண்டிக்குள்ள அதுவா இருந்துச்சு?"

முதலில் சிரித்தது அழகர்சாமி. அந்தச் சிரிப்பு தெரு முனைவரை போயிற்று. பீமராவ் சிரிக்கவில்லை. அங்கவஸ்திரத்தைச் சரிசெய்து, கை கூப்பி, "ஐயா" என்று தொடங்கினார். நிறுத்தினார். "அம்மா" என்றார். அதுவும் சரிப்படவில்லை. "பாப்பா, அந்த ஏழாவது நெடுக்கு... சொல்லிரலாமா?"

"சொல்லுங்க சார்."

"சாரட்டு!" என்று பீமராவும் நல்லதம்பியும் ஒரே குரலில் கத்தினார்கள். சொல்ல முடியாமல் அடக்கி வைத்திருந்தது அவ்வளவும் வெளியே வந்தது. வெள்ளைக் குதிரைகள் இரண்டும் தலையை உதறின.

கார்க் கதவு திறந்தது. புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மணிமேகலை ஓடி வந்தாள். "ஏய், மணப்பொண்ணு ஓடாதடி!" என்று அவள் அக்கா பின்னாலேயே வந்தாள்.

"கறுப்பையாவா நீ? நீயா? உனக்கு 'தங்கள் பாதம் பணிந்து'ன்னெல்லாம் எழுதியிருக்கேனேடி!"

"ஆசீர்வாதம்" என்றாள் கனிஷ்கா. அதை எப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

அழகர்சாமிதான் அடுத்ததைக் கேட்டார். "அதெல்லாம் சரிம்மா. ஒரு பொண்ணுக்கு எதுக்கு மூணு வண்டி?"

"ஒண்ணுதாங்க கேட்டேன். பிடிச்சவங்க என்கிட்ட சொல்றதுக்கு வழியே வைக்காம விட்டுட்டேன். இவங்க விதியை மீறாம ஆளுக்கொண்ணு பிடிச்சுட்டாங்க. எனக்கும் பயம் வந்து நானும் ஒண்ணு பிடிச்சேன்."

அவர் மூன்றையும் ஒருமுறை பார்த்தார். மனசுக்குள் ஆட்களை உட்கார வைத்துப் பார்க்கிறார் என்று தெரிந்தது. "வெள்ளையில பொண்ணு. சிவப்புல அத்தைங்க, சித்திங்க. யாருக்கும் முட்டி வலி வராது. காரு?" பூ ஒட்டிய காரைப் பார்த்தார். "காருல சீர்த்தட்டு வரட்டும்."

"நீங்க எதுலப்பா?" என்றாள் மணிமேகலை.

"நானா?" அவர் வேட்டி மடிப்பை இறக்கிவிட்டு ஜட்காவின் பின்பக்கம் காலை வைத்தார். "எனக்கு இந்த மூணாவது குறுக்கு போதும்."

ஊர்வலம் கிளம்பியது. தன்னோடு வெள்ளைச் சாரட்டில் ஏறச் சொல்லி மணிமேகலை கையைப் பிடித்து இழுத்தாள். பாய்க்கு வழி தெரியாது என்று சொல்லி கனிஷ்கா ஜட்காவுக்கே வந்தாள். கலீமுக்கு ஸ்ரீரங்கத்தில் தெரியாத சந்து இல்லை. ஆனாலும் அவர் முன்பக்கத்தில் நகர்ந்து இடம் கொடுத்தார். பின்னால் பீமராவும் நல்லதம்பியும் அழகர்சாமியை நடுவில் வைத்து, சாட்டுக்குள் ர எப்படிப் புகுந்தது என்று விளக்கிக்கொண்டு வந்தார்கள்.

"சார்" என்று திரும்பினாள் கனிஷ்கா. "என் விடை தப்புன்னு சொன்னீங்களே, அது சரிதான். சாரட்டு கேட்டுட்டு ஜட்கா கொண்டுவந்துட்டேன்."

"ஆமாம், தப்புதான்" என்றார் பீமராவ். "ஆகவே, பாதி மார்க்."

மாம்பழச் சாலை முனையில் வறுகடலைத் தள்ளுவண்டியைப் பார்த்து கலெக்டர் நின்றது. முன்னால் இரண்டு சாரட்டும் வெளிச்சமும் மேளமுமாகப் போய்க்கொண்டிருந்தன. இடைவெளி கூடிக்கொண்டே போனது. பின்னால் பேருந்து ஒலி எழுப்பியது. கனிஷ்கா எழுந்து நின்று, இரண்டு கையையும் வாயருகே குவித்தாள்.

"மணிமேகலை! நில்லு! கலெக்டர் விசாரிச்சுட்டு வராரு!"

வெள்ளைச் சாரட்டு நின்றது. தெருவே திரும்பிப் பார்த்தது. அவள் உட்கார மறந்து நின்றுகொண்டிருந்தாள்.

அடுத்த திங்கட்கிழமை நாலு கட்டத்தில் புதிரின் கீழே வெள்ளையாக நீளமான கட்டம் ஒன்று புதிதாக இருந்தது. "கறுப்புக்கட்டத்திடம் ஏதாவது சொல்ல வேண்டுமா?" என்று அதன் மேல் எழுதியிருந்தது. காலை ஊசி வேலைகளுக்கு நடுவில் அதில் முதல் கடிதம் வந்து விழுந்தது.

"அக்கா போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். இன்னும் பாதி புதிர்தான் போட்டிருக்கிறேன். மாமனார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார், போட விடமாட்டேன் என்கிறார். அந்த ஜட்டி சமாச்சாரத்தை இன்னொரு தரம் சொல்ல வேண்டுமாம். வெட்கமாக இருக்கிறது. நீயே வந்து சொல்லிவிட்டுப் போ, ஐயா."